இடி இடிக்கும்போது வெளியே என்ன நடக்கிறது?

மின்னல் வெட்டியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் காதில் விழும்போது நிறுத்துங்கள். எத்தனை விநாடி எண்ணினீர்களோ அதை 3-ஆல் வகுத்தால், அந்த மின்னல் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி வெட்டியது என்று கிடைத்துவிடும். 15 விநாடி என்றால் 5 கிலோமீட்டர். 3 விநாடி என்றால் 1 கிலோமீட்டர். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தால், உங்கள் தெருவிலேயே.

காரணம் எளிது. மின்னலும் இடியும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. வெளிச்சம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்துவிடுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். அது 1 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி பிடிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கணக்குதான். ஆனால் நள்ளிரவில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, குழந்தை பயந்து எழுந்து நம்மைக் கட்டிக்கொள்ளும்போது இதைவிடப் பயனுள்ள அறிவியல் வேறு எதுவும் இல்லை என்பேன். அந்தக் குழந்தைக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். முதலில் 6, அடுத்து 9, அப்புறம் 14 என்று கூடிக்கொண்டே போனால் மேகம் விலகுகிறது என்பதை அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், மேகம் நம்மை நோக்கி வருகிறது.

இடிமழை திடீரென்று வந்து திடீரென்று போவதாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கென்று ஒரு வரிசை உண்டு. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் வீட்டு ஜன்னலிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மாலையிலும் இரவிலும் பெய்யும் மழையை வைத்து இதைப் பார்ப்போம்.

மதிய வெயிலில் தொடங்குவது

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளத்தின் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதனால்தான் ஊரெல்லாம் பருவமழை என்று பேசும் மாதங்களிலும் சென்னையில் பகலில் வெயில் கொளுத்துகிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் சூடான காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்றும் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் நேருக்கு நேர் சந்திக்கின்றன. இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். தரை ஏற்கெனவே காய்ந்து கிடப்பதால் அந்த எழுச்சிக்கு வேகம் கூடுகிறது. வானிலைச் செய்தியில் 'வெப்பச்சலனம் காரணமாக மழை' என்று சொல்வது இதைத்தான்.

மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நீராவி நீராக மாறும்போது வெப்பத்தை வெளியே விடும். கடல்நீரை ஆவியாக்க வெயில் செலவழித்த அதே வெப்பம் இப்போது மேகத்துக்குள் திரும்பக் கிடைக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே போகிறது, இன்னும் குளிர்கிறது, இன்னும் துளிகள் உண்டாகின்றன, இன்னும் வெப்பம் வருகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் மேகம் இது. பலமான மேகத்துக்குள் மேலெழும் காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். பயணிகள் விமானங்கள் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. கார்திரள் மேகம் எனப்படும் நம் ஊர் இடிமேகத்தின் தலை 15 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். விமானிகள் இதன் மேலே பறந்து தாண்டப் பார்ப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து மேற்கே பாருங்கள். வெள்ளை மேகம் மொட்டு மொட்டாகப் பொங்கி, ஓரங்கள் கத்தரித்த மாதிரி கூர்மையாகத் தெரிந்தால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உச்சி தட்டையாகப் பரவி, ஓரங்கள் கலைந்து மங்கலாகிவிட்டால், மேல்பகுதி பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். மின்னலுக்கு வேண்டிய சரக்கு தயார். மேலே உள்ள காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் அந்த மேகம் மெல்ல சென்னையை நோக்கி நகர்ந்து வரும். இந்த மாதங்களில் சென்னைக்கு மழை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு வருவது இதனால்தான்.

மேகத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் அதற்குள்ளேயே போயிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இலும் 1947-இலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஒஹாயோவிலும் போர் விமானங்களை வேண்டுமென்றே இடிமேகத்துக்குள் ஓட்டினார்கள். ஹொரேஸ் பையர்ஸ், ரோஸ்கோ பிரஹாம் ஆகிய இருவரும் அதிலிருந்து கண்டு சொன்னதுதான் இன்றுவரை பாடம்: ஒவ்வொரு இடிமேகத்துக்கும் மூன்று பருவம். வளரும்போது உள்ளே எல்லாக் காற்றும் மேலே போகும். முதிரும்போது ஒரு பகுதி மேலே போக, இன்னொரு பகுதி மழையை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். கடைசியில் எல்லாமே கீழே இறங்கி மேகம் ஓய்ந்துவிடும். தனி மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான். இரவு முழுக்க இடிக்கிறதே என்றால், ஒரு மேகத்திலிருந்து இறங்கிய காற்று பக்கத்தில் இருக்கும் சூடான காற்றைத் தூக்கிவிட்டு அடுத்த மேகத்தை உண்டாக்குகிறது. அது முடிவதற்குள் இன்னொன்று.

முதலில் வருவது காற்று

மழைத் துளிகள் விழும்போது ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது வேகமாக இறங்கி, தரையில் மோதி, நாலா பக்கமும் ஓடுகிறது. மழை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அந்தக் காற்று நம் வீட்டுக்கு வந்துவிடும். கதவுகள் அறைந்து சாத்திக்கொள்ளும், கொடியில் காயும் துணி கிளிப்போடு பறக்கும், சில நிமிடங்களில் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். அது வரையிலும் புழுங்கித் தவித்த உடம்புக்கு இந்த ஐந்து நிமிடம் ஒரு வரம்தான். ஆனால் இது ஒரு அறிவிப்பும்கூட. இந்தக் குளிர்காற்று வந்துவிட்டால் மேகம் முதிர்ந்துவிட்டது, மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். துணி எடுக்க மாடிக்கு ஓடுவதாக இருந்தால், இடிச் சத்தம் ஒன்றுகூடக் கேட்காதபோது மட்டும்.

அந்தக் காற்றில் மண்வாசனை இருந்தால், பக்கத்தில் எங்கேயோ காய்ந்த தரையில் மழை விழுந்துவிட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. நம் மூக்கு அதை நம்ப முடியாத அளவுக்குச் சிறிய செறிவிலும் கண்டுபிடித்துவிடும். அது காற்றில் கலக்கும் விதத்தை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2015-இல் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது மண் துளைகளில் இருந்த காற்று குமிழிகளாகத் துளிக்குள் அகப்பட்டு, மேலே வந்து உடைந்து, நுண்ணிய திவலைகளைத் தெறிக்கவிடுகிறது. வாசனை அதில் ஏறி வருகிறது. தூறலிலும் மிதமான மழையிலும்தான் இது நன்றாக நடக்கிறது. கொட்டும் மழையில் குறைவு. மழை வலுத்த பிறகு மண்வாசனை காணாமல் போவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அடுத்து, முதல் துளிகள். மொட்டை மாடித் தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுப்பாகப் பொட்டு விழும். அடித்தால் வலிக்கிற அளவுக்குப் பெரிய துளிகள். சின்னத் தூறலாகத் தொடங்கிப் பிறகு பெரிதாகாமல், இடிமழை மட்டும் ஏன் பெரிய துளியோடு வருகிறது? 5 மில்லிமீட்டர் துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1 மில்லிமீட்டர் துளி 4 மீட்டர் வேகத்தில்தான். காற்றின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வர பெரிய துளிக்கு 6 நிமிடம்கூட ஆகாது, சின்னத் துளிக்கு 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒன்றாகப் புறப்பட்டாலும் பெரியவை முந்திக்கொள்கின்றன. நடு வழியில் சின்னவை ஆவியாகிக் காணாமல் போவதும் உண்டு.

மின்னல் எங்கிருந்து வருகிறது

சித்திரை வெயிலில் நாம் வேகும்போதும் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரிதான். அதற்கு மேலே மேகத்துக்குள் பனிப்படிகங்களும், உறையாமல் தாக்குப்பிடிக்கும் குளிர்ந்த நீர்த்துளிகளும், அந்தத் துளிகள் மேலே ஒட்டி உறைந்து உருளும் மென்மையான பனி உருண்டைகளும் கலந்து கிடக்கின்றன. மேலெழும் காற்றில் இவை ஓயாமல் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கனமான உருண்டையிலும் நேர்மின்னூட்டம் இலேசான படிகத்திலும் தங்கிவிடுகிறது. படிகங்களைக் காற்று உச்சிக்குக் கொண்டுபோய்விடும். உருண்டைகள் நடுப்பகுதியிலேயே நிற்கும். கோடிக்கணக்கான மோதல்களுக்குப் பிறகு மேகத்தின் உச்சி நேர்மின்னாகவும் நடுப்பகுதி எதிர்மின்னாகவும் பிரிந்து நிற்கிறது.

இந்தப் பிரிவினை எல்லை மீறும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்கிறது. பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. கோடு எதுவும் தெரியாமல் வானம் முழுக்க வெளுத்து அணைந்தால் அது அந்த வகை. கீழே இறங்குவது கொஞ்சம்தான். ஆனால் இறங்கும் விதம் சுவாரசியமானது. எதிர்மின்னூட்டம் சுமார் 50 மீட்டர், 50 மீட்டராக எட்டு வைத்து, கிளை பிரிந்து, கண்ணுக்கு எட்டாத வேகத்தில் தரையை நோக்கி வருகிறது. அது நெருங்கியதும் தரையில் உயர்ந்து நிற்கும் தென்னை, செல்போன் கோபுரம், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி இவற்றின் நுனியிலிருந்து எதிர்கொண்டு ஒரு பொறி மேலே கிளம்புகிறது. பல நுனிகளிலிருந்தும் கிளம்பும். எது முதலில் போய்த் தொடுகிறதோ அந்த இடம் மாட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்த கணத்தில் பாதை திறந்து, ஏறக்குறைய 30,000 ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் வைக்கும் பெரிய பிளக் பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது.

நாம் பார்க்கும் அந்தக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இந்தக் கணத்தில்தான் உண்டாகிறது, அதுவும் கீழிருந்து மேலாக. அதே பாதையில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் பாய்வதால் மின்னல் துடிப்பதாகத் தெரிகிறது. ஜன்னல் வழியே சுவரில் விழும் கம்பி நிழலைப் பாருங்கள். ஒரே மின்னலில் நிழல் இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டி விழும்.

ஒரு மின்னல், பல விதமான இடி

மின்னல் பாதையின் தடிமன் சில சென்டிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் காற்று மின்னல் பாய்ந்த கணத்திலேயே சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். இவ்வளவு திடீர்ச் சூட்டில் காற்று வெடித்து விரிகிறது. அந்த அதிர்ச்சி அலைதான் இடி. மேகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் சத்தம் வருகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதை இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. மேகங்கள் மோதினால் சத்தமே வராது.

சரி, வெடிப்பு ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது என்றால், இடி ஏன் பத்து விநாடி உருண்டுகொண்டே போகிறது? தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா சரத்தைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்து, அத்தனை வெடியும் ஒரே கணத்தில் வெடிக்கும்படி செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தெருவின் இந்த முனையில் நிற்கும் நமக்கு அது ஒரே சத்தமாகக் கேட்காது. காலடியில் வெடித்தது முதலில் வரும், நடுத்தெருவில் வெடித்தது அடுத்து, கடைசி முனையில் வெடித்தது கடைசியாக. மின்னலும் பல கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு முனை நமக்கு 1 கிலோமீட்டரிலும் மறுமுனை 4 கிலோமீட்டரிலும் இருந்தால், கடைசிச் சத்தம் முதல் சத்தத்துக்கு 9 விநாடி கழித்துத்தான் வந்து சேரும்.

இதைத் தெரிந்துகொண்டால் காதாலேயே நிறையப் படித்துவிடலாம். துணி கிழிவதாகவோ சுள்ளி முறிவதாகவோ ஒரு சத்தம் வந்து, உடனே காது அடைக்க 'டமார்' என்றால் மிக அருகில் விழுந்திருக்கிறது. ஒரே அடியாகக் கேட்டு முடிந்தால், பாதையின் பெரும்பகுதி நம்மிடமிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் இருந்திருக்கிறது. நீளமாக உருண்டு தேய்ந்தால், நம்மைவிட்டு விலகி ஓடிய மின்னல். தூரத்து இடி ஏன் வெறும் உறுமலாக இருக்கிறது என்றால், கீச்சான ஒலிகளைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. கனத்த ஒலி மட்டும் வந்து சேர்கிறது. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் கிணுகிணுப்பதும் இந்தக் கனத்த அதிர்வால்தான், காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வும் அதில் இருக்கிறது. சுமார் 15 அல்லது 20 கிலோமீட்டருக்கு அப்பால் இடி பொதுவாகக் கேட்பதே இல்லை. மேலே குளிர்ந்த காற்று இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் அடிவானத்தில் சத்தமில்லாமல் பளிச் பளிச்சென்று தெரிவது வேறு ஊரில் இடித்துக்கொண்டிருக்கும் மேகம்.

இதிலிருந்து ஒன்று தெளிவு: இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே நாம் அந்த மேகத்தின் எல்லைக்குள் இருக்கிறோம். 'இன்னும் மழையே வரவில்லையே' என்று வெளியே நிற்பதுதான் ஆபத்து. மழை விழும் இடத்துக்கு 10 கிலோமீட்டர் வெளியேயும் மின்னல் விழுந்திருக்கிறது.

வீட்டுக்குள் எப்படி வரும்

கான்கிரீட் கூரை போட்ட, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள வீடு நல்ல பாதுகாப்பு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். மின்னலுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள்: வயலில் நாற்று நட்டவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். வீட்டுக்குள் இருக்கும் நமக்கு அச்சம் குறைவு என்பதே நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. வயலில் வேலை செய்கிற சொந்தக்காரர் இருந்தால், இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் அவருக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: மழைக்கு நனைந்தாலும் பரவாயில்லை, தனி மரத்தடியில் நிற்கக் கூடாது. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்கும் ஆள் மீது தாவும்.

வீட்டுக்குள் மின்னல் வருவது பெரும்பாலும் கம்பி வழியாகத்தான். தெருவிலுள்ள மின்கம்பத்திலோ அதன் அருகிலோ விழுந்தால், மின் அழுத்தம் ஒரு கணம் தாறுமாறாக ஏறி வயர் வழியே ஓடி வரும். டிவி, மோடம், மோட்டார் போர்டு எல்லாம் புகைவது இப்படித்தான். மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்சான எம்சிபி காப்பாற்றும் என்று பலரும் நினைக்கிறார்கள். எம்சிபி அதிகச் சுமையிலிருந்து வயரைக் காப்பாற்றச் செய்தது. மின்னல் அதைவிட வேகம். சுவிட்சை அணைத்தாலும் போதாது. பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்சாரத்துக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டில்லை. பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. அதுவும் இடி தூரத்தில் உறுமும்போதே. தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள். டிவி போனால் போகட்டும்.

பிளக்கோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். டிஷ் ஆன்டெனா வயரும் செம்புக் கம்பியாக வரும் இன்டர்நெட் வயரும் வெளியிலிருந்துதான் வருகின்றன, அவற்றையும் கழற்ற வேண்டும். நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டுமென்றால், மெயின் போர்டில் மின் எழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) ஒன்றைப் பொருத்தச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமல் அதற்கு வேலையே இல்லை.

குளிப்பதையும் குழாயடியில் பாத்திரம் தேய்ப்பதையும் தள்ளிப்போடுங்கள். இரும்புக் குழாய் உள்ள பழைய வீடுகளில் இது கட்டாயம். பிளாஸ்டிக் குழாயில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் குழாயில் நிற்கும் தண்ணீரிலும் மின்சாரம் வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்காமல் ஓரடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பால்கனி, மொட்டை மாடி இரண்டும் வெளியிடம்தான்.

செல்போன் மின்னலை இழுக்காது. கையில் வைத்துப் பேசலாம், சார்ஜரில் போட்டபடி பேசக் கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடுவது பல வீடுகளில் வழக்கம். மூடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லும் பாட்டியை நிறுத்தாதீர்கள். பயந்த மனதுக்கு அது ஒரு பிடிமானம்; கூடவே உட்கார்ந்து விநாடியை எண்ணிக்கொள்ளலாம்.

கோபுரக் கலசம்தான் நம் முன்னோர் வைத்த இடிதாங்கி என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இடிதாங்கிக்கு உச்சியில் ஒரு உலோகக் கம்பி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கம்பியிலிருந்து தடிமனான உலோகப் பட்டை எங்கும் அறுபடாமல் கீழே வந்து, ஈர மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மின்னலைத் தரைக்கு இறக்கிவிடும் அந்தப் பட்டைதான் கட்டடத்தைக் காப்பாற்றுகிறது. பட்டை இல்லாத கலசம் மின்னலை வாங்கிக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் கொடுத்துவிடும். கோபுரங்களுக்குப் பெருமை சேர்க்க எத்தனையோ உண்மைகள் இருக்கின்றன. இதை நம்பி உயரமான கட்டடத்துக்கு இடிதாங்கி போடாமல் விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து விலகி நிற்பதில்தான் உயிர்கள் போகின்றன. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. 108-ஐக் கூப்பிடுங்கள், மூச்சோ நாடித்துடிப்போ இல்லையென்றால், பயிற்சி உள்ளவர் உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்கத் தொடங்கலாம்.

எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்பதற்கு ஒரே எண்தான்: 30. இடி கேட்டாலே உள்ளே போவது நல்லது; மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் வந்துவிட்டால் கட்டாயம் உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். மழை நின்ற பிறகு ஓய்ந்துகொண்டிருக்கும் மேகத்திலிருந்தும் மின்னல் இறங்குவது உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியைப் போனில் போட்டுக்கொண்டால், நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வெட்டுகிறதா என்று அதுவே காட்டும்.

கொட்டிய மழை எவ்வளவு

வானிலை அறிக்கையில் 7 சென்டிமீட்டர் மழை என்றால், விழுந்த தண்ணீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றிருந்தால் 7 சென்டிமீட்டர் உயரம் நின்றிருக்கும் என்று பொருள். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால் அது சுமார் 93 சதுர மீட்டர். 7 சென்டிமீட்டர் மழையில் அதன் மேல் 6,500 லிட்டர் தண்ணீர் விழுகிறது. எடையில் ஆறரை டன். மாடியின் வடிகால் குழாய் வாயில் ஒரு பாலிதீன் பையோ, வேப்பிலைக் குப்பையோ அடைத்திருந்தால் இத்தனையும் கூரை மேல் நிற்கும். தளத்தில் ஒழுகல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மழைக் காலத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி அதைத் திறந்துவிட்டால், கூரையும் பிழைக்கும் கிணறும் பிழைக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

வானிலைத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் அது கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கில் மழை எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பது தெரியாது. 'ஐப்பசி அடைமழை' என்போமே, அது நாள் முழுக்க நசநசவென்று பெய்து 7 சென்டிமீட்டர் சேரும், மண் குடித்துக்கொள்ளும். அதே 7 சென்டிமீட்டரை ஆவணி மாதத்து இடிமேகம் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். சுரங்கப்பாதையில் பஸ் சிக்கிக்கொள்வது இந்த இரண்டாவது மழையில்.

வீட்டிலேயே மழையை அளக்கலாம். பக்கங்கள் நேராக இருக்கும் டப்பா ஒன்று போதும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பக்கெட் சரிப்படாது. வானம் இருட்டுவதற்கு முன்பே மாடி நடுவில், சுவரும் தொட்டியும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாமல் இரண்டு செங்கலுக்கு இடையில் வையுங்கள். மறுநாள் காலை 8.30-க்கு ஒரு ஸ்கேலை நட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று படித்துவிட்டு, சென்னை என்றால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடிமேகத்தில் மழை கொட்டும் பகுதி பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால் உங்கள் டப்பாவில் 5 சென்டிமீட்டர் இருந்து, மீனம்பாக்கத்தில் அரை சென்டிமீட்டர் என்று அறிக்கை வந்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும்.